பழைய எம்பிஎஃப்ஐ காரில் ஸ்டார்ட்டிங் தகராறு: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், வேகன்-ஆர், சான்ட்ரோ மாதிரி வயதான எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. டீசல் வண்டிக்குப் பொருந்தாது. எங்கள் தெருவிலும் சொந்தக்காரர்களிடமும் இந்த வயதுக் கார்கள் நிறைய. "வண்டி சரியா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, எப்போது தகராறு செய்கிறது என்பதைத்தான். காலையில் முதல் தடவையா, ஓடி நிறுத்திய பத்து நிமிடத்திலா, மழை பெய்தாலா, பெட்ரோல் போட்ட கையோடா? இதற்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் பாதிப் பழுது பிடிபட்ட மாதிரி. அதைக் கேட்காமல் பிளக், காயில், பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும்.

## முதலில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும்

ஏசி, ஸ்டீரியோ, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி ஒரு முனகல் கேட்டு நிற்க வேண்டும். அதுதான் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். அப்புறம் செல்ஃப் அடியுங்கள். வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

செல்ஃப் சுற்றவே இல்லை, அல்லது திணறுகிறது என்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். நன்றாகச் சுற்றியும் துளிகூடப் பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது. காலையில் மட்டும் நேரம் எடுத்துப் பிடிக்கிறது என்றால் மூன்றாவது. சூடான இன்ஜினில் மட்டும் தகராறு என்றால் நான்காவது. ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் ஐந்தாவது. மழைக்காலத்து வியாதி என்றால் ஆறாவது.

செல்ஃபை ஒரே மூச்சில் ஐந்தாறு விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை நிமிடம் விடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், வாடை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

## அறிகுறி 1: செல்ஃப் சுற்றவில்லை, அல்லது திணறித் திணறிச் சுற்றுகிறது

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள்.

### விளக்கு மங்கிச் செத்துப்போகிறது

பேட்டரி, இல்லாவிட்டால் டெர்மினல். டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள், அசையவே கூடாது. வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு இறுக்குங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வாசலைன் தடவுவதாக இருந்தால் இறுக்கிய பிறகு மேலே தடவுங்கள். இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும் வண்டிகள் ஏராளம்.

அடுத்து மல்ட்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பழைய கார் வைத்திருப்பவர் வீட்டில் அவசியம் இருக்க வேண்டிய பொருள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் போடாமல் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும், 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அது இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று அர்த்தம், புது பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துவிடும்.

கார்புரேட்டர் வண்டியில் பழகியவர்கள் "செல்ஃப் சுத்துதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று வாதிடுவார்கள். எம்பிஎஃப்ஐ-யில் அந்தக் கணக்கு செல்லாது. செல்ஃப் மோட்டார் சுற்றும் அதே நேரத்தில் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் காயில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் எல்லாமே அந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. வோல்ட் விழுந்தால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், ஆனால் ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரியாகக் கிடைக்காது. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடம் ஆன பேட்டரி என்றால், மற்ற எதையும் தொடும் முன் பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்துவிடுங்கள். பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள்.

### விளக்கு மங்கவில்லை, 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்

செல்ஃப் மோட்டாரோ அதன் சொலினாய்டோ. ஆனால் அதற்கு முன் எர்த் ஒயரைப் பாருங்கள். இன்ஜினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ பாடிக்குப் போகும் பட்டையான ஒயர், வருடக்கணக்கில் எண்ணெயும் தூசியும் படிந்து போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்திருக்கும். சோதிப்பது சுலபம்: ஒரு ஜம்ப் கேபிளை பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினின் வெறும் இரும்புப் பகுதிக்குக் கொடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே துள்ளிச் சுற்றினால் எர்த்தான் குற்றவாளி.

### விளக்கு மங்கவில்லை, சத்தமே இல்லை

ஃபியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரின் பின், இக்னிஷன் சுவிட்ச், இந்த வரிசையில்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: டெர்மினல், பேட்டரி, எர்த் மூன்றும் சரி, இன்னும் 'டக்' மட்டும் என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். கார்பன் பிரஷ், புஷ் மாற்றினாலே பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். புது மோட்டார் வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

## அறிகுறி 2: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, துளிகூடப் பிடிக்கவில்லை

### சுற்றும் சத்தமே மாறியிருக்கிறது

வழக்கமான 'கிர்-கிர்-கிர்' ஏற்ற இறக்கம் இல்லாமல் தையல் மெஷின் போல ஒரே சீராக, வேகமாக 'விர்ர்' என்று சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஆல்ட்டோ 800 சிசி, சான்ட்ரோ இரண்டிலும் பெல்ட்தான். திரும்பத் திரும்ப அடித்தால் சில இன்ஜின்களில் வால்வு வளைந்து செலவு பல மடங்காகும். டோ செய்துகொண்டு போங்கள்.

### செக் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை

இசிஎம்-க்கு கரண்ட் போகவில்லை, அல்லது அந்த விளக்கின் பல்பே போயிருக்கிறது. மெயின் ஃபியூஸ், மெயின் ரிலே பாருங்கள். அப்புறம் எலி. வீட்டு வாசலில் நிற்கும் கார் என்றால் பானட்டைத் திறந்து, ஒயர் கட்டுகள் போகும் வழியெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை, கடித்த ரப்பர் துணுக்கு, இழுத்து வைத்த துணி கிடந்தால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

### சாவி படம் போட்ட விளக்கு மினுக்குகிறது

இம்மொபிலைசர், அதாவது திருட்டைத் தடுக்கும் பூட்டு, சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இதே வளையத்தில் வேறு வண்டியின் சாவி இருந்தால் கழற்றிவிட்டு முயலுங்கள். ஸ்பேர் சாவி இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான், வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

### பம்ப் சத்தம் இல்லை

பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய காரின் மிதவை பொய் சொல்லும். முள் கால் டேங்க் காட்டினாலும் மூன்று லிட்டர் ஊற்றிப் பாருங்கள். பிறகு பம்ப் ஃபியூஸ். பிறகு ரிலே: ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே எண்ணாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹாரன் ஊமையாகி வண்டி ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்தாயிற்று. ஃபோர்டு ஐக்கான் மாதிரி சில கார்களில் மோதினால் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கியதும் அது தட்டிவிட்டிருக்கலாம், அழுத்தி விட்டால் போதும்.

இதெல்லாம் சரி என்றால், ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டட்டும். பம்ப் உயிர் பெற்றால் அது சாகும் நிலையில் இருக்கிறது. அந்த ஒரு தடவை வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் போகும். கேஸ் கிட் போட்ட கார்களில் இதைவிட மோசம்: ஓடுவது கேஸில் என்பதால் டேங்கில் ஒரு லிட்டர் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள், ஆனால் பல கிட்களில் ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில். கால் டேங்காவது வைத்திருங்கள்.

### பம்ப் சத்தம் வருகிறது

ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை; ஃபில்டர் அடைப்பு, பிரஷர் குறைவு, இன்ஜெக்டருக்கு சிக்னல் இல்லை என்று போகும். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் மூழ்கியிருக்கிறது. நனைந்திருந்தால் பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். அப்படி மிதித்தால் பெரும்பாலான எம்பிஎஃப்ஐ-களில் இன்ஜெக்டர் நின்றுவிடும், காற்று மட்டும் போய் உள்ளே உலரும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

ஸ்பார்க்கைப் பார்க்க, பிளக் ஒயருக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டும் டெஸ்டர் விளக்கு மலிவாகவே கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஒயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடிப்பது பழைய பழக்கம்; காயிலையும் இசிஎம்-ஐயும் கெடுக்கும். கையில் பிடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் தெளிக்கவில்லை, ஃபியூஸ் ரிலே எல்லாம் சரி என்றால், இன்ஜின் சுற்றுவதை இசிஎம்-க்குச் சொல்லும் கிராங்க் சென்சாரோ கேம் சென்சாரோ. ஆர்பிஎம் மீட்டர் உள்ள காரில் செல்ஃப் அடிக்கும்போது முள் லேசாகத் துடிக்கிறதா பாருங்கள். அசையவே இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும். ஸ்கேனர் (இசிஎம்-இல் உள்ளதைப் படிக்கும் கருவி) உள்ள மெக்கானிக்கிடம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: காலையில் மட்டும் ரொம்ப நேரம் சுற்றிய பிறகு பிடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகமாகத் தப்பாகக் கணிக்கப்படுவதும் இதுதான். சோதனைக்குக் காசே வேண்டாம். மறுநாள் காலை, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து மூன்று விநாடி நில்லுங்கள், ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை. நாலாவது முறை செல்ஃப் அடியுங்கள்.

### சட்டென்று பிடித்துவிட்டது

இரவில் பெட்ரோல் லைனில் பிரஷர் இறங்கிவிடுகிறது. நீங்கள் மூன்று தடவை பம்பை ஓடவிட்டதும் அது நிரம்பிவிட்டது. காரணம் மூன்றில் ஒன்று: பம்புக்குள் இருக்கும் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி டேங்குக்கு இறங்காமல் தடுப்பது), பிரஷர் ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர். எது என்று சொல்ல பிரஷர் கேஜ் வேண்டும். பெரும்பாலான இந்த வகைக் கார்களில் பிரஷர் 3 பாரை ஒட்டி இருக்கும். அணைத்த பிறகும் பல நிமிடங்கள் பெருமளவு தாங்க வேண்டும். மளமளவென்று சைபருக்கு இறங்கக் கூடாது. கேஜ் மாட்டுவதை வீட்டில் செய்யாதீர்கள். பிரஷரோடு இருக்கும் பெட்ரோல் லைன் அது.

செக் வால்வுதான் காரணம், வேறு எந்தக் குறையும் இல்லை, வண்டிக்கும் வயதாகிவிட்டது என்றால் பம்பை மாற்றாமலே ஓட்டலாம் என்பேன். தினமும் காலையில் இரண்டு தடவை சாவியை ஆன் ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பல வண்டிகளில் செக் வால்வு தனியாகக் கிடைக்காது, முழு பம்ப் செட்டாகத்தான் வரும். அந்தச் செலவைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

சொட்டும் இன்ஜெக்டருக்கு இந்தச் சலுகை கிடையாது. பிடித்ததும் கறுப்புப் புகை, முதல் சில விநாடி ஒரு சிலிண்டர் ஓடாத நடுக்கம், ஆயில் ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை, ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே வருவது — இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்தால் பேரிங் தேயும்.

### மூன்று தடவை ஆன் செய்தும் மாற்றமில்லை

பிளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். முனை தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். பல மாருதிகளில் 1 மில்லிமீட்டரை ஒட்டி. மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள், அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய வேலை.

அடுத்தது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று இசிஎம்-க்கு இதுதான் சொல்கிறது. சூடு என்று தப்பாகச் சொன்னால் காலையில் பெட்ரோல் போதாது. பின்னைக் கழற்றி ஓம் அளந்து பாருங்கள்: மாருதி வகைகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம் அளவு. நம் சமவெளியில் காலையிலும் பெரிய குளிர் இருக்காது என்பதால் லேசான கோளாறு வெளியே தெரியாது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் ராத்திரி தங்கினால் மறுநாள் காலை மானம் போகும். "ஊர்ல நல்லாத்தான் ஓடுச்சு" என்று சொல்பவர்களின் காரில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சின்னச் சென்சார்.

வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த காராக இருந்தால் பெட்ரோலையும் சந்தேகப்படுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். அரை டேங்க் புதிய பெட்ரோல் போட்டு ஓட்டிய பிறகு மற்றதைப் பேசலாம். அப்படியே இன்ஜின் பக்கத்து பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: எல்லாம் சரி, இன்னும் நேரம் எடுக்கிறது, வண்டியில் இழுவையும் குறைந்திருக்கிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம். அதற்கு மேல் செலவு செய்வதா என்பது காரின் விலையைப் பொறுத்த முடிவு.

## அறிகுறி 4: ஓடி நிறுத்திய பிறகு, சூட்டில் மட்டும் தகராறு

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதென்றால் சூட்டில் செல்ஃப் மோட்டார் அடம்பிடிக்கிறது, அல்லது தடித்த கேபிளின் முனை சரியில்லை. முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை, அரை மணி ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறதென்றால் கிராங்க் சென்சார் முதல் சந்தேகம். தகராறு செய்யும் நேரத்திலேயே சென்சார் மேல் ஈரத்துணியை வைத்து ஆறவிட்டு முயலுங்கள் (ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமல், சாவியை எடுத்துவிட்டு). உடனே பிடித்தால் ஏறக்குறைய உறுதி. ஸ்கேனரில் பழுதுக் குறியீடு எதுவும் விழாமலே இது நடக்கும்.

ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கறுப்புப் புகையோடு பிடிக்கிறதென்றால் பெட்ரோல் அதிகம்: சொட்டும் இன்ஜெக்டர், அல்லது குளிர் என்று பொய் சொல்லும் டெம்பரேச்சர் சென்சார்.

பெட்ரோல் போட்ட உடனே மட்டும் தகராறா? டேங்கில் சேரும் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றிருக்கலாம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கேனிஸ்டர் (அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) பக்கத்து ஹோஸைக் கழற்றி விரல் வைத்துப் பாருங்கள். பலமாக உறிஞ்சினால் வால்வு மாற்ற வேண்டும். பங்க்கில் பம்ப் தானே நின்ற பிறகும் ரவுண்டாக்குகிறேன் என்று கழுத்து வரை ஊற்றுவதை விட்டுவிடுங்கள், அந்தக் கேனிஸ்டரைக் கெடுப்பதே அதுதான்.

## அறிகுறி 5: ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால்தான் பிடிக்கிறது

கேட்டதும் சந்தோஷப்படும் புகார், செலவு குறைவு. த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் கார்பன் அடைத்து, ஸ்டார்ட் ஆகத் தேவையான காற்று போகவில்லை. த்ராட்டில் கிளீனர் அடித்து, துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். சுத்தம் செய்த பிறகு ஒன்றிரண்டு நாள் ஐடிலிங் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம், இசிஎம் பழகிக்கொள்ளும். அதன் பிறகும் ஏறியே நின்றால் வெடித்த வேக்குவம் ஹோஸைத் தேடுங்கள்.

## அறிகுறி 6: மழையில், ஈரத்தில்

பிளக் ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் அதன் மூடி. இருட்டில் பானட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினின் ஒயர்கள் மேல் மெல்லிய தூவானமாகத் தண்ணீர் தெளியுங்கள். நீலப் பொறி பறந்தால் ஒயர் செட் மாற்றும் நேரம். ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார் வேறு கதை. தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு வந்திருந்தால் செல்ஃபைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

## "இசிஎம் போயிடுச்சு" என்று சொன்னால்

மெக்கானிக்குகள் கைவிடும்போது வரும் வார்த்தை. உண்மையாகவே போவதும் உண்டு, ஆனால் நான் பார்த்தவரை வரிசையில் அது கடைசி. இசிஎம்-க்கு வரும் கரண்ட், அதன் எர்த் பாயின்ட்கள், செல்ஃப் அடிக்கும்போதும் அங்கே வோல்ட் நிற்கிறதா, சென்சார் ஒயர்களில் எலிக்கடி, இவற்றை மீட்டரில் உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்கேனரில் ஒரு சென்சாரின் பெயர் வந்தாலும் சென்சார்தான் கெட்டது என்று ஆகாது, அதற்குப் போகும் ஒயராகவும் இருக்கலாம். இன்னொன்று, சந்தையில் விற்கும் மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் இந்த வயதுக் கார்கள் பலவற்றோடு பேசாது. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு வேலை செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அளந்து பார்த்தும் இசிஎம்தான் என்று முடிவானால், போர்டு ரிப்பேர் செய்பவரிடம் முதலில் காட்டுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இம்மொபிலைசர் உள்ள காரில் புது இசிஎம்-ஐச் சாவியோடு பதிவு செய்யும் வேலையும் இருக்கிறது. அதற்கான கூலியையும் சேர்த்து முன்கூட்டியே பேசிவிடுங்கள்.